தட்ட வேண்டாம் என்றவர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: அச்சக முதலாளி, அவருடைய மருமகன், மூலப்பிரதியை உரக்க வாசிக்கும் 'கணீர்', அங்கே பிழை திருத்தும் என் தம்பி மகள், நான். இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

மேசைமேல் ஆங்கிலப் புவியியல் பாடநூல் கிடந்தது. நைல், பசிபிக், நெதர்லாந்து போன்ற பெயர்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'தி' வர வேண்டும். முதல் பாதியில் வந்திருந்தது. பின்பாதியில் ஒன்றுகூட இல்லை. பள்ளிகள் புத்தகங்களைத் திருப்பியனுப்பிவிட்டன.

"வீட்டுல நாலு எழுத்து இங்கிலீஷ் படிச்சவங்க இருந்தாத்தானே இவளுக்குத் தெரியும்?" என்றார் மருமகன்.

"தம்பி, எங்க வீட்டைப் பத்திப் பேச உங்களுக்கு இன்னும் பல்லு முளைக்கல" என்றேன்.

முதலாளி நடுவில் புகுந்தார். "பெரியவரே, கோபப்படாதீங்க. தன் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டு பொண்ணு வேலையில இருக்கட்டும்."

என் தம்பி உயிரோடு இல்லை. அவன் மகள் மேல் ஒட்டும் கறை என் வாசலில்தான் ஒட்டும். "நடந்ததைச் சொல்லும்மா" என்றேன்.

"கணீர் அண்ணன் மூலத்தை வாசிப்பாரு பெரியப்பா, நான் அச்சுத்தாளைப் பார்ப்பேன். 'தி' வந்தா வாயால சொல்லமாட்டாரு, பென்சிலால மேசையில ஒரு தட்டு. வேகமா போகணும்னு இங்க ரொம்ப நாளா அதான் வழக்கம். பாதியில இந்த மாப்பிள்ளை வந்து, பக்கத்து ரூம்ல ஆளுங்க இருக்காங்க, என்ன கச்சேரியா நடத்துறீங்க, தட்டாதீங்கன்னாரு. அப்புறம் 'தி' வரவே இல்ல. அச்சுத்தாள்ல 'தி' இருக்கு, வாசிப்புல இல்லியே, அடிச்சிடவான்னு இவர்கிட்டயே கேட்டேன். மூலத்துல எப்படியோ அப்படியே விடு, உன் மேதாவித்தனம் வேணாம்னாரு. எல்லாத்தையும் அடிச்சுட்டேன்."

"பச்சைப் பொய்!" என்று கத்தினார் மருமகன்.

எல்லோரும் கணீரைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

"ஏன்யா, மெஷின் சத்தத்தையே அமுக்குற தொண்டை. இப்ப வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?" என்றேன்.

"தட்டாதேன்னதும் கை நின்னுபோச்சுங்க" என்றார் கணீர். குரல் எழும்பவில்லை. "வாய்க்கு அந்தச் சொல் பழக்கமே இல்ல. மூலத்துல இருந்தது, நான்தான் விட்டுட்டேன். பொண்ணு கேட்டதும் நிசம். மாப்பிள்ளை அதட்டுனதும் நிசம்."

இதற்குப் பிறகாவது முதலாளி வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, யாரோ ஒருத்தர் பேரைப் பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லித்தானே ஆகணும்? மாப்பிள்ளை பேரைச் சொல்ல முடியுமா? பொண்ணு பேரே இருந்துட்டுப் போகட்டும். சம்பளம்கூட ஏத்தித் தரேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"உங்க மாப்பிள்ளை மானத்தை மூட எங்கப்பா பேருதான் கெடைச்சுதா? நாளையிலிருந்து வேற ஆளைப் பாருங்க." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னால் போனேன்.

ஆங்கிலம் தெரியாததால் அவளை விரட்டிவிட்டார்கள் என்றும், நான் முதலாளியின் காலில் விழுந்தேன் என்றும் உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. யாரும் விரட்டவில்லை. அவளே விலகினாள். நான் யார் காலிலும் விழவில்லை.