மேலுதட்டுச் சட்டம்

பிரிட்டிஷ் பட்டாளச் சட்டப்படி மோவாயைச் சிரைக்கலாம். மேலுதட்டில் கத்தி படக்கூடாது. படையின் வீரமெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது என்று மேலிடத்துக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பர்மாவின் தயெட்மியோ முகாமில் மீசையை எடுத்தவனுக்குப் பதவி போகும்.

சிப்பாய் பெட்டிஃபர் பதவி உயர்ந்து லான்ஸ் கார்ப்பரலாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சட்டைக் கையில் அந்தப் பதவிக்கான ஒற்றைப் பட்டையை ஏற்கெனவே இரண்டு முறை வாங்கி, இரண்டு முறையும் பறிகொடுத்தவன். இம்முறை விடுவதாக இல்லை. ஆனால் கர்னல் ட்ரேஹர்ன் சொந்தமாக எழுதிய ‘அராமிந்தாவின் கண்ணீர்’ நாடகத்தில் அவன்தான் கதாநாயகி அராமிந்தா. பார்க்க வருபவரோ ரங்கூன் ஜெனரல்.

“மீசையோட அழுதா சிரிப்பாங்க. மீசையை எடுத்தா பட்டை போயிடும். என்ன சார் பண்ணட்டும்?” என்று கர்னலிடமே கேட்டான்.

“அராமிந்தாவுக்கு மீசை கிடையாது. என் படையில மீசையில்லாத ஆளும் கிடையாது. மத்தது உன் சாமர்த்தியம்.”

சிரைத்துவிட்டான். வில்லனாக நடித்த மல்லிகன், நாடகப் பெட்டியைக் கிளறி ஓர் ஒட்டுமீசையை எடுத்துக் கொடுத்தான்.

“அணிவகுப்புக்கு இதை ஒட்டிக்கிட்டு வாடா. உன்னோடது வளர்ற வரைக்கும் தும்மித் தொலைக்காதே.”

நாடகம் அமோகம். நாடகத்துக்கு முந்தைய விருந்திலேயே மூன்று புட்டி ஒயினைக் காலி செய்திருந்த ஜெனரல், மேடையேறி அராமிந்தாவின் கையுறையில் முத்தமிட்டார்.

“எந்த ஆபீசரோட தங்கச்சிம்மா நீ? நாளைக்கு ஐராவதி ஆத்துல என்னோட படகுல ஒரு சுத்து வரணும்.”

கர்னல் தொண்டையைக் கனைத்ததோடு சரி. ஜெனரலைத் திருத்த வாய் எழவில்லை. அராமிந்தா விசிறிக்குப் பின்னால் நாணினாள்.

மறுநாள் காலை அணிவகுப்பு. பெட்டிஃபருக்குத் தலைமுடி செம்பட்டை, மீசை கன்னங்கரேல். வெயில் ஏற ஏறப் பிசின் இளகி வழிந்தது. ஜெனரல் அவன் முன்னால் வந்து நின்ற நேரம் பார்த்து, மீசையின் இடப்பாதி மெல்ல இறங்கி மோவாயில் தொங்கியது.

“மீசையை எடுத்திருக்கான் சார்!” கர்னல் பதறினார். “இவன் பட்டையை இப்பவே பிடுங்கறேன்!”

ஜெனரல் அந்த வெற்று உதட்டை உற்றுப் பார்த்தார். பெட்டிஃபர் விறைப்பு கலையாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி நேற்றைய அராமிந்தாவின் குரலில் கேட்டான்:

“படகு எத்தனை மணிக்கு சார்?”

ஜெனரலுக்குக் காதுமடல் வரை சிவந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி, தொங்கிய மீசையை உதட்டோடு சேர்த்து அழுத்தினார்.

“மீசை இருக்கே கர்னல்! அருமையான மீசை. பட்டை மேல யாரும் கை வைக்க வேண்டாம்.”

சொல்லிவிட்டு மிடுக்காக ஒரு சல்யூட் அடித்தார். விரல் தொப்பியோடு ஒட்டிக்கொண்டது.