நாற்பத்தெட்டுத் தகடுகளும் குங்குமமும்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை. பட்டறைக்குள் வந்த சூர்யகலா அலமாரி முன்னால் நின்றுவிட்டாள். மத்தியானம் வண்டியேற வேண்டிய நாற்பத்தெட்டு எஃகுத் தகடுகளிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அவற்றைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

"பேச்சாயிக்கா, இது யாரு செஞ்சது?"

தகட்டு விளிம்பில் பிசிர் தேய்க்கிற பேச்சாயி சாவகாசமாக வந்தாள். "நாந்தேன். மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சோம். அது பெத்த பிள்ளைகளுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"அலமாரியப் பூட்டியிருந்தேனே."

"சாவியைப் பூசையில வச்சது யாரு தாயி? நீதான?"

அதுவும் உண்மைதான். ஆயுதபூஜைக்குச் சாவியைச் சாமி முன்னால் வைக்காத பட்டறை திண்டுக்கல்லில் ஏது?

முதலாளி பழனிக்குமார் எட்டிப் பார்த்தார். "துடைச்சுட்டாப் போச்சு. கையெழுத்தப் போடு கலா."

"சுத்தமா இருக்குன்னுல்லண்ணே போடணும். கண்ணாடிக்குப் பூச்சு பூசுறப்ப இந்தத் தகட்டோட சேத்துத்தேன் காத்தில்லாத அறைக்குள்ள வைப்பாக. இடுக்குல ஒரு துகள் கெடந்தாலும் பூச்சு கெட்டுப்போகும்."

"சொன்னா மொத்தத்தையும் வேணாம்பாக. இது நம்ம முத அனுப்பு. இது போச்சுன்னா இந்த வேலையே நமக்குக் கெடையாது."

"தெரியும்ணே."

பேச்சாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தக் கண்ணாடிய வச்சு அப்பிடி என்னத்தத்தேன் பாக்கப் போறாக?"

"வானத்தக்கா. பெரிய தொலைநோக்கிக்கு ஆளுயரக் கண்ணாடி ஐநூறு. எல்லாத்தையும் சேத்து ஒரே கண்ணாடியா நிறுத்தப் போறாக. ஒரு நாட்டுல கண்ணாடி வார்க்குறாக, இன்னொரு நாட்டுல தேய்க்குறாக, வேறொருத்தர் கூடாரம் கட்டுறாக. கண்ணாடி உக்கார்ற இடம் மட்டும் நம்மது. மனுசன் பெறக்குறதுக்கு முந்திக் கெளம்புன வெளிச்சம் அதுல வந்து விழும்."

பேச்சாயி ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அம்புட்டுத் தூரம் வந்த வெளிச்சத்த என் குங்குமமா மறிக்கணும்? எழுது. நடந்தத என் பேரையும் போட்டு எழுது."

பழனிக்குமார் வண்டிக்காரருக்குப் போன் போட்டு, இன்றைக்கு வரவேண்டாம் என்றார்.

பதினோரு மணிக்குக் கணினித் திரையில் ஹருமி வந்தார். எல்லா நாட்டுப் பாகங்களையும் சரிபார்க்கும் ஜப்பான் பெண் பொறியாளர். சூர்யகலா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஹருமி திட்டவில்லை, பேனாவை எடுத்தார்.

"அந்தப் பொடியில் என்னென்ன இருக்கிறது?"

சூர்யகலாவுக்கு முழுதாகத் தெரியவில்லை. பேச்சாயியைக் கேட்டாள்.

"மஞ்சள், சுண்ணாம்பு, படிகாரம். வீட்டுல அரைச்சது. கடைச் சரக்கு இல்லன்னு சொல்லு."

அதையும் சொன்னாள். ஹருமி அதையும் எழுதிக்கொண்டார்.

"நான் அனுப்பும் முறைப்படி கழுவுங்கள். பிறகு முப்பத்தொன்றாம் தகட்டை மட்டும் மாதிரிக்கு அறுத்து, இடுக்குகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதில் துகள் இருந்தால் மொத்தமும் தள்ளுபடி."

நான்கு நாள் கழுவினார்கள். ஐந்தாம் நாள் முப்பத்தொன்றை அறுத்தார்கள். அறுக்கும்போது பேச்சாயி வாசலுக்குப் போய்விட்டாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்த சூர்யகலா, அரைமணி நேரம் ஒவ்வொரு இடுக்காகத் தேடினாள். வெறும் எஃகுதான். அந்தப் படங்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள்.

மறுநாள் பதில் வந்தது.

"நாப்பத்தேழையும் எடுத்துக்கிட்டாக," என்றாள் சூர்யகலா. "இன்னொண்ணு. எல்லா நாட்டுப் பட்டறைக்கும் போற கழுவுற முறையில புதுசா ஒரு வரி சேத்திருக்காக. 'பூசைக்கு இட்ட பொட்டு இருந்தால், முதலில் அதை நீக்கவும்.'"

"வைக்காதேன்னு போடலையா?"

"போடலக்கா."

"பெரிய மனுசிதான் அந்தப் பொண்ணு," என்றாள் பேச்சாயி.

பழனிக்குமார் சிரித்தார். "ஒலகத்துக்கே சட்டம் போட வச்சுட்டியே ஆத்தா."

"சட்டம் கெடக்கட்டும் அப்பு. அறுத்ததுக்குப் பதிலு ஒண்ணு செய்யணும்ல? மிஷினப் போடு."