வீடு, படகு, நாய், மரபணு

பிட்ஸ்பர்க்கில் விவாகரத்துக்கு வருகிறவர்களுக்குச் சமரசம் பேசி வைப்பதுதான் பெர்னடெட்டின் பிழைப்பு. சோபாவுக்கு அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறாள். செத்த பூனையின் சாம்பலுக்கு அடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு யார் சண்டையும் அவள் காதில் ஏறவில்லை. கழுத்தில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மதியத்துக்குள் கூப்பிடுகிறேன் என்றிருந்தார் டாக்டர். போனை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எதிரே வெண்டலும் மார்னியும். கணவன் மனைவி, இரண்டு பேரும் விஞ்ஞானிகள். வீடு மார்னிக்கு, படகு வெண்டலுக்கு, நாய் வாரம் மாற்றி வாரம் என்று எல்லாம் மளமளவென்று முடிந்திருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்றுதான்.

"மரபணு எனக்கு," என்றார் வெண்டல்.

"ஆசையைப் பாரு! நான் கண்டுபிடிச்சது."

"சேர்ந்து கண்டுபிடிச்சோம்டீ. அது கெட்டுப்போன செல்லைச் சாகடிக்கும்னு சொன்னது யாரு? நானு."

"கிழிச்சீங்க! கட்டிக்குச் சோறு ஊட்டி வளக்குறதே அதுதான். என் எலிங்களை வந்து பாருங்க, கழுத்துல பந்து பந்தாத் தொங்குது."

"உன் கையில சாப்பிட்டா எலிக்கு வேற என்ன கதி?"

கொல்லுமா, வளர்க்குமா? இந்த ஒரு கேள்வியில் ஒரு கல்யாணமே உடைந்தது என்றால் யார் நம்புவார்கள்? பெர்னடெட்டுக்கு அலுத்துவிட்டது.

"நாய் மாதிரியே வெச்சுக்கங்களேன். ஒரு வாரம் கொல்லட்டும், ஒரு வாரம் வளக்கட்டும்."

"அது எங்க வீட்டுச் சொத்து இல்லைங்க," என்றாள் மார்னி. "எல்லார் உடம்புலயும் இருக்கு."

"என் உடம்புலயுமா?"

"ஒவ்வொரு செல்லுலயும்."

பெர்னடெட் கழுத்துத் துணியை இறக்கினாள். "அப்ப இதுக்குள்ள அது என்ன பண்ணுது? என்னைக் காப்பாத்துதா, இதை வளக்குதா?"

"தெரியாது," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே வாயாக. அடுத்த நொடி இரண்டு நாற்காலியும் மேசையை நெருங்கின.

"மேடம், அறுத்து எடுத்தா எனக்கு ஒரு துண்டு..."

"அவருக்குக் குடுக்காதீங்க, வீணாக்கிடுவாரு. முழுசா எனக்கு."

"முழுசாவா? பேராசை புடிச்சவளே!"

பெர்னடெட்டுக்கு வந்ததே கோபம். "அடப்பாவிகளா! இன்னும் உசுரோட உக்காந்திருக்கேன்!"

போன் அடித்தது. டாக்டர் சுருக்கமாகத்தான் பேசினார். அவள் போனை வைத்தாள்.

"புத்துநோய்தான்," என்றாள். பயமாக இருந்தது, வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது.

"எவ்ளோ பெரிசுன்னு..." என்று ஆரம்பித்தார் வெண்டல். மேசைக்கு அடியில் மார்னி அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

பெர்னடெட் மூக்கைச் சிந்திவிட்டு ஒப்பந்தத் தாளை இழுத்தாள். "கட்டி ஆளுக்குப் பாதி. எடுத்துட்டுத் தொலைங்க. மரபணு ரெண்டு பேருக்கும் கிடையாது. எனக்கு வேணும்."

வெண்டல் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். மார்னியும் போட்டாள். போட்டுவிட்டு மேசைக்கு மேலே கையை நீட்டி பெர்னடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சாகடிக்கும்ங்க," என்றாள். "கட்டியைத்தான். கண்டிப்பாச் சாகடிக்கும்."

வெண்டல் மார்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கட்சியை அவள் வாயிலிருந்து அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.