மூன்றாவது கோல்கீப்பர்

ஐரோப்பாவில் கோப்பை ஜெயிப்பது எப்படி என்று துபாயில் ஜெபல் அலி வேர்ஹவுஸ் கேண்டீனில் ஒன்றரை மணி நேரம் பாடம் நடந்தது. எடுத்தவர் எச்.ஆர். மேனேஜர் சேதுமாதவன். கேட்டவர்கள் பன்னிரண்டு மணி நேர டூட்டி முடிந்து வந்த நாற்பது பேர். அதில் முப்பத்தொன்பது பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். முன் வரிசையில் இருந்த பொன்னுச்சாமி மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டான். அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தொழிலாளர்கள் தங்கும் கேம்பின் கால்பந்து டீமுக்குக் கோல்கீப்பர், கேப்டனும் அவன்தான். ஆனால் அவன் அத்தனை கவனமாகக் கேட்டது கோப்பைக்காக அல்ல. பக்கத்தில், அடிவயிற்றை இடது கையால் தாங்கியபடி சாய்ந்திருந்த ஜெயசீலனுக்காக.

ஜெயசீலன் பொன்னுச்சாமியின் ரூமில் கீழ்க்கட்டில்காரர். வயது ஐம்பத்தொன்று. பதினெட்டு வருஷம் பெட்டி தூக்கியதில் குடல் இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், சின்ன விஷயம்தான். ஆனால் அந்தச் சின்ன விஷயத்தைச் செய்ய அவர் வைத்திருந்த ஆஸ்பத்திரி கார்டு உதவாது.

காரணம், அங்கே பெட்டி தூக்குகிற யாருமே கம்பெனி ஆட்கள் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சேதுமாதவன்தான் எல்லோரையும் கம்பெனியிலிருந்து கழற்றி ஒரு சப்ளை கம்பெனியின் தலையில் கட்டினார். அதைப் பாராட்டித் தலைமை அலுவலகம் அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கூட அனுப்பியது. வேலை அதே வேலை, வேர்ஹவுஸ் அதே வேர்ஹவுஸ். வருஷ லீவும் ஆஸ்பத்திரி கார்டும் மட்டும் மாறின. புதுக் கார்டைக் காட்டினால் பனடால் மாத்திரை கொடுத்தார்கள். ஆபரேஷன் என்று வாயைத் திறந்தால் விசாவை கேன்சல் பண்ணி, டிக்கெட்டைக் கையில் கொடுத்து, கலாஸ், முடிந்தது என்று ப்ளேனில் ஏற்றிவிடுவார்கள். ஜெயசீலனின் மகள் அருணா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் முடிக்கும்வரை அவர் இங்கே நின்றாக வேண்டும். அதனால் கனமான பெட்டியையெல்லாம் பொன்னுச்சாமி ஃபோர்க்லிஃப்டில் எடுத்துவிட, மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

இந்த இடத்தில்தான் ஐரோப்பா உள்ளே வந்தது. தலைமை அலுவலகம் அங்கேதான். வருஷா வருஷம் ஜூன் மாதம் எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் அங்கே கால்பந்துப் போட்டி. போன வருஷம் துபாய் கிளை ஆபீஸ் டீமை அனுப்பியது. அக்கவுண்ட்ஸ்காரர்கள் மூன்று ஆட்டத்தில் பத்தொன்பது கோல் வாங்கிக்கொண்டு, கோபுரம் கோபுரமாகப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இந்த வருஷம் அந்த அவமானம் கூடாது என்று சேதுமாதவன் முடிவு கட்டிவிட்டார். தலைமை அலுவலகத்துக்கே மாற்றலாகிப் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பந்து ஆடத் தெரிந்தவர்கள் வேர்ஹவுஸில் இருந்தார்கள். ஆனால் கம்பெனி விசாவில் இருப்பவன்தான் ஆடலாம் என்பது போட்டி விதி. ஆகவே கழற்றிவிட்ட கையாலேயே ஆட்களை மறுபடி மாட்டவேண்டிய நிலைமை அவருக்கு.

"பதினோரு பேரை வச்சுக்கிட்டு ஐரோப்பாவுல எவனும் கோப்பை தூக்கினது இல்ல," என்றார் சேதுமாதவன், திரையில் அம்புக்குறிகளைக் காட்டி. "சனிக்கிழமை உள்ளூர் லீக், புதன்கிழமை ஐரோப்பா. ரெண்டுக்கும் அதே ஆளை ஓட விட்டா மார்ச் மாசம் தொடை பிடிச்சுக்கும். மனுஷனுக்கு ரெஸ்ட் வேணும். ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு ஆள். மொத்தம் இருபத்தஞ்சு பேர். இதுக்குப் பேருதான் ஸ்குவாட்!"

வாரம் ஆறு நாள் ஓடுகிறவர்களிடம் மனுஷனுக்கு ரெஸ்ட் வேணும் என்று படம் போட்டு விளக்கிய அழகை என்னவென்று சொல்வது. "சாருக்கு இது இப்பத்தான் தெரியுமா பாய்?" என்று பின்னாலிருந்து மலப்புறத்து இர்ஷாத் பொன்னுச்சாமியின் காதில் முணுமுணுத்தான். டீமில் கோல் போடுகிறவன் அவன்.

"அப்புறம், கீப்பர் மூணு பேர்," என்று சேதுமாதவன் தொடர்ந்தார். "மூணாவது கீப்பர் சீசன் முழுக்க ஒரு மேட்ச்கூட ஆடமாட்டார். வயசானவரா இருப்பார். யாரும் அவரைக் கவனிக்கக்கூட மாட்டாங்க. ஆனா அவர் இல்லாத பெரிய டீமே கிடையாது. டிரெஸ்ஸிங் ரூமுக்குப் பெரிய மனுஷன் மாதிரி."

பொன்னுச்சாமி மெல்லத் திரும்பி ஜெயசீலனைப் பார்த்தான். பெரிய மனுஷன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே ரூமில் விஷயத்தைச் சொன்னான்: டீம் லிஸ்டில் பெயர் வந்தால் கம்பெனி விசா, பழையபடி நல்ல ஆஸ்பத்திரி கார்டு. ஜெயசீலன் பதறிப்போனார். "ஏப்பா, நான் பந்தைக் காலால தொட்டதே இல்லியே."

"கீப்பர் கையாலதாண்ணே தொடணும். அதுவும் நீங்க தொட வேண்டியதில்ல. மூணாவது கீப்பர்."

"பொய்யில்லப்பா இது?"

"அவங்க நம்மள கம்பெனி ஆளே இல்லன்னு எழுதுனாங்களே, அது நெசமா? பேசாம டீம் ஃபாரத்துல கையெழுத்தப் போடுங்கண்ணே."

லிஸ்ட் தயாரிக்கும் பொறுப்பு கேப்டனுடையது. இருபத்தைந்தாவது பெயராக ஜெயசீலன் போனார். சேதுமாதவன் லிஸ்டைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. 'நம் சொந்த மனிதர்கள், நம் சொந்த அணி' என்று தலைப்புக் கொடுத்து, டீம் படத்தையும் தன் பாடத்தையும் இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து பாராட்டு வந்தது. இருபத்தைந்து பேரும் கம்பெனி விசாவுக்கு மாறினார்கள். கம்பெனியின் ஆஸ்பத்திரி கார்டு கைக்கு வந்த அன்று பொன்னுச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் படித்த மனுஷன் பாதியில் நிறுத்துவாரா? பெரிய கிளப்புகளில் ஆளை எடுத்தவுடன் உடம்பைச் சோதிப்பார்கள் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, எல்லோருக்கும் மெடிக்கல் வைத்தார் சேதுமாதவன். டாக்டர் உம்மு சல்மா கெட்டிக்காரி. ஜெயசீலனின் வயிற்றில் கையை வைத்ததும் பிடித்துவிட்டார். மறுநாள் காலை பொன்னுச்சாமியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

"யாருய்யா இந்த ஜெயசீலன்?" சேதுமாதவனின் கையில் ரிப்போர்ட் இருந்தது.

"மூணாவது கீப்பர் சார்."

"ஐம்பத்தொரு வயசு!"

"வயசானவரா இருப்பாருன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"இவர் ஆடி நான் பார்த்ததே இல்லையே?"

"யாரும் கவனிக்க மாட்டாங்கன்னும் சொன்னீங்க சார்."

சேதுமாதவன் கண்ணாடியைக் கழற்றினார். "விளையாடாதே பொன்னுச்சாமி. இந்த ஆளுக்கு குடல் இறங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணி மூணு மாசம் ரெஸ்ட் வேணும்னு டாக்டர் எழுதியிருக்காங்க. பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போடு. இவரை சப்ளைக்கே திருப்பி அனுப்பிடலாம்."

இத்தனை நாள் யோசித்து வைத்திருந்த பதில் எதுவும் பொன்னுச்சாமிக்கு உதவவில்லை. கடைசியில் யோசிக்காத ஒன்றுதான் வெளியே வந்தது.

"சார், அடிபட்ட ஆளக் கழட்டி விடுற டீம்ல எவன் சார் காலக் குடுத்து ஆடுவான்? எனக்கு நாளைக்கு முட்டி போச்சுன்னா என்னயும் இப்பிடித்தான அனுப்புவீங்க? இதக் கேட்டா இர்ஷாத் ஆடமாட்டான் சார். நானும் ஆடமாட்டேன். சொந்த மனுசங்கன்னு எழுதி அனுப்பிட்டு மூணே வாரத்துல ஒருத்தர அனுப்பினீங்கன்னா, அங்க கேக்க மாட்டாங்களா?"

சேதுமாதவன் முட்டாள் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தார், பொன்னுச்சாமியைப் பார்த்தார், அலமாரியிலிருந்த கண்ணாடிக் கேடயத்தையும் ஒரு தடவை பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று பொன்னுச்சாமிக்கும் புரிந்தது.

"பெரிய டீம்ல காயம்பட்டவங்களுக்குன்னு தனி லிஸ்ட் உண்டு," என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைத் தள்ளினார். "ஆனா மேட்ச்ல தோத்தீங்கன்னா தொலைச்சிடுவேன்."

மார்ச் கடைசியில் ஜெயசீலனுக்கு ஆபரேஷன் நடந்தது. டீம் வெறிகொண்டு பழகியது. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேர், அதில் இர்ஷாத் ஒருவனே இரண்டு பேருக்குச் சமம். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. மே மாதம் ஐரோப்பா விசாவுக்கு எழுதிப்போட்டார்கள். இருபத்தைந்து பாஸ்போர்ட்டும் விசா இல்லாமல் ஒரே நாளில் திரும்பி வந்தன. இவர்கள் திரும்பி ஊருக்குப் போவார்கள் என்று நம்பக் காரணமில்லை என்று காகிதத்தில் எழுதியிருந்தது. ஊருக்குப் போகும் நாளை எண்ணுவதே வாழ்க்கையாக இருப்பவர்களைப் பற்றித்தான் அப்படி எழுதியிருந்தார்கள்.

சேதுமாதவனுக்கு மட்டும் விசா கிடைத்தது. தனியாகப் போனார். ஆட டீம் இல்லாததால் பேசச் சொன்னார்கள். தன் பாடத்தை அங்கேயும் எடுத்தார். சிறந்த அணித் திட்டமிடலுக்கு என்று இன்னொரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். 'நம் சொந்த மனிதர்கள்' படம் கம்பெனியின் மாத இதழில் அட்டையில் வந்துவிட்டதால் யாரையும் திருப்பி அனுப்பவும் வழியில்லாமல் போயிற்று. கோப்பைதான் இல்லை, மற்றதெல்லாம் ஜெயித்தாயிற்று.

விசா வராதென்று தெரிந்ததும் டீம் கலைந்துவிட்டது. இர்ஷாத் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தான். கேம்புக்குப் பின்னால் இருந்த மணல் மைதானத்துக்கு யாரும் போவதில்லை.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் பொன்னுச்சாமி துணி எடுக்க வெளியே வந்தபோது, கோல் கம்பங்களுக்கு நடுவில் யாரோ நிற்பது தெரிந்தது. ஜெயசீலன். கையில் பொன்னுச்சாமியின் பழைய கிளவுஸ், காலில் டூட்டி ஷூ. முட்டியை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, எதிரே ஒருவருமில்லாத மைதானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே இது? மேட்ச்தான் இல்லன்னு ஆயிருச்சே."

"டாக்டரம்மா மூணு மாசம்னாங்க. நேத்தோட முடிஞ்சிருச்சு."

"அதுக்கு?"

"கீப்பர்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ல," என்றார் ஜெயசீலன். "அடிப்பா."

பொன்னுச்சாமி பந்தை வைத்து, குழந்தைக்கு உருட்டுவதுபோல மெதுவாக உதைத்தான். அது அவர் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது. ஜெயசீலன் திரும்பி அதைப் பார்த்தார். நடந்துபோய், இடது கையை வயிற்றில் வைக்காமல் குனிந்து, பந்தை எடுத்து எறிந்தார்.

"இன்னொண்ணு அடி."