என் நகலில் இருந்த புள்ளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை கற்பனையில் உதிக்கவில்லை, என் கார் மக்கர் பண்ணியதில் வந்தது. ஹெட்லைட்டைப் போட்டால் ஹாரன் ஊமையாகிவிடும். அணைத்துவிட்டு அழுத்தினால் அலறும். ஏன் என்று அன்றும் புரியவில்லை, இன்றும் அரைகுறைதான்.

‘மீட்டரக்கா சட்டென்று நிமிர்ந்தபோது’ என்று தொடங்கி... சே, அவருக்கு இடுப்பு வலி, சட்டென்று எப்படி நிமிர்வார்?

2

கழுத்தில் எந்நேரமும் கரண்ட் பார்க்கிற மீட்டர் தொங்குவதால் மீட்டரக்கா. அவரும் தம்பியும் பதினெட்டு வருடமாக ஒரே பட்டறையில் கார்களுக்கு மின்வேலை பார்க்கிறவர்கள். என் காரின் வயரிங் படத்தை ஆபீஸில் நகலெடுத்துக் கொடுத்தவன் நான்.

(படத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே போனால் வயர்கள் சும்மா தாண்டுகின்றன. அங்கே புள்ளி இருந்தால் ஒட்டியிருக்கின்றன. இதுவே எனக்கு மூன்றாம் தடவைதான் புரிந்தது.)

ஹாரன் கோடும் ஹெட்லைட் கோடும் குறுக்கிடும் இடத்தில் புள்ளி இருந்தது. அக்கா இரண்டு நாள் குடைந்தும் காரில் வயர்கள் ஒட்டிய அந்த ஜாயின்ட் அகப்படவில்லை. போன மாதம் இதே காரில் ரேடியோ மாட்டியவன் தம்பி.

“ஜாயின்ட்ட வெட்டிட்டு கமுக்கமா இருக்கியாடா?”

“நான் தொடவே இல்லக்கா.”

“அப்போ படம் பொய் சொல்லுதா?”

“காகிதத்த நம்புற. என்ன நம்பல, இல்ல?”

பட்டறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவன்தான், திரும்பவில்லை.

3

மறுநாள் ஆபீஸில் வேறொரு தாளை நகலெடுத்தேன். அதே இடத்தில் அதே புள்ளி! மெஷின் கண்ணாடியில் காய்ந்த டீத்துளி. அப்படியென்றால் அசல் படத்தில் அந்தப் புள்ளியே கிடையாது.

ஐந்து நாள் அதைக் கதையாக்கிப் பார்த்தேனே தவிர, போய்ச் சொல்லவில்லை. [ஒரு வரைவில் தம்பியே வெட்டியிருந்தான். நான் தப்பித்தேன். வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.]

4

ஆறாம் நாள் போனேன். ஹெட்லைட் எரிய, ஹாரன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

“வயர காரோட பாடியில சேக்கற எர்த் போல்ட்ல துரு, சார். ரெண்டுக்கும் அந்த ஒரே போல்ட்தான். தேச்சு விட்டேன், சரியாயிடுச்சு.”

“அக்கா, அந்தப் புள்ளி... என் நகல்ல இருந்த அழுக்கு. தப்பு என்னுது.”

“போல்ட்ட தேச்சதுமே, அழுக்குன்னு நேத்தே தெரிஞ்சிடுச்சு. புள்ளி வெச்சது உங்க மெஷினு. நாக்குல நரம்பில்லாம பேசினது நான்ல?”

கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறான். மெசேஜ் மட்டும் பாக்கறான். நீங்கதான் எழுதறவராச்சே, ஒரு வரி அடிச்சுக் குடுங்க. எனக்குத் ‘தம்பி’க்கு மேல ஓடல.”

5

‘தம்பி, படம் தப்பு’ என்று அடித்தேன். பழி மறுபடி காகிதத்தின் மேல் போகிறது. அழித்தேன். ‘தம்பி, என்னை மன்னி’ என்பதற்குள் அக்கா வேண்டாமென்று தலையாட்டினார்.

“நான் இப்படிப் பேச மாட்டேன் சார். வேற ஆள் எழுதினதுன்னு உடனே கண்டுபிடிச்சிடுவான்.”

அழித்தேன். இத்தனை வருடம் எழுதி என்ன பிரயோஜனம், ஒரு வரி வரவில்லை.

வாசகரே, நீங்களும் யாரையாவது இப்படிச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். திரையில் ‘தம்பி’ மட்டும் நிற்கிறது. அவன் ஆன்லைனில் இருப்பதாகக் காட்டுகிறது. அக்கா என் கையையே பார்க்கிறார். அடுத்த வார்த்தையைச் சீக்கிரம் சொல்லுங்கள், அடிக்கிறேன்.