நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மழை

நூலகத்தின் வாசகர் வட்டத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். வைத்தவர் நூலகர். மாதம் நாலு புத்தகம் படிப்பாள், ஒரு தாளில் அபிப்பிராயம் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் போய்விடுவாள். மற்றவர்கள் அதைப் படித்த பிறகுதான் அலமாரிப் பக்கமே போவார்கள். தயவு தாட்சண்யம் கிடையாது. இந்த மாதத் தாளையே பாருங்கள். உப்பு ஆலை இரட்டையர்களைப் பற்றிய தடித்த நாவலுக்கு: 'முதல் எண்பது பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படிக்கவும். ஆசிரியரே அங்கேதான் விழித்துக்கொள்கிறார்.' ஓய்வுபெற்ற கப்பல் தலைவரின் தன்வரலாற்றுக்கு: 'நாற்பது வருடத்தில் இவர்மேல் ஒரு தப்பும் இல்லையாம். தப்பெல்லாம் கடல்மேல்.' ஒரு தையல்காரியின் கதையான சின்ன நாவல் மட்டும் தப்பித்தது: 'இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.'

நாவலில் பொய் இருக்கலாம், நாவலே அதற்குத்தான் என்பது அவள் கட்சி. தன்வரலாற்றில் மட்டும் பொறுக்கமாட்டாள். பிழைப்பு அப்படி. போக்குவரத்து அலுவலகத்தில் புகார்ப் பிரிவு, பத்தொன்பது வருடம், தினமும் நாற்பது கடிதம். நிஜமாகவே அவதிப்பட்டவன் பேருந்து எண்ணையும் நேரத்தையும் எழுதுவான். கதை விடுகிறவன் வானிலையை எழுதுவான். 'அன்று கொட்டும் மழை' என்று ஒரு கடிதம் தொடங்கினால் போதும், அவள் உதடு கோணிக்கொள்ளும். வீட்டில் தன்வரலாறு படிக்கும்போதும் அதே புத்திதான். பொய் என்று பட்ட இடத்தில், காதில் செருகிய பென்சிலை எடுத்து ஓரமாகச் சின்னதாய் 'பொ' என்று போடுவாள். சொந்தப் பிரதியில்தான். நூலகப் பிரதியில் கிறுக்குகிறவர்களை அவள் மனிதராகவே மதிப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவளின் நாத்தனார் ஒரு புத்தகம் எழுதிவிட்டாள். மழலையர் பள்ளி ஆசிரியை, அதுதான் முதல் புத்தகம். படுக்கையில் கிடந்த அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களைப் பற்றி நூற்றிருபது பக்கம். அந்த அம்மா தராசுக்கு மாமியார். தராசு ஒரே மூச்சில் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அத்தை மருந்தைத் துப்பிவிட்டுக் கள்ளச் சிரிப்புச் சிரிக்கும் இடத்தில் அவளுக்கே கண் கலங்கியது. ஆனாலும் பதினோரு 'பொ' விழுந்தது. பத்து சில்லறைப் பொய்கள். பதினோராவது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.

'அன்று கொட்டும் மழை. சாரல் உள்ளே அடிக்கிறதென்று அண்ணி சன்னல்களைச் சாத்தப் போயிருந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். என் கைக்குள்ளேயே அம்மா அடங்கினாள்.'

அன்று ஒரு சொட்டு மழை இல்லை. மூன்று வருடம் ஆகியும் தராசுக்கு அது மறக்கவில்லை, ஏனென்றால் பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அத்தை கண் அசந்திருந்தார். துணி எடுக்கப் போனவள் கையோடு ஒரு நாவலையும் கொண்டுபோனாள். கடைசி அத்தியாயம். ஒரு பக்கம் என்று நின்றவள் இருபது பக்கம் போய்விட்டாள். "அண்ணி!" என்று குரல் கேட்டு ஓடிவந்தபோது நாத்தனார் கட்டிலோரம் உட்கார்ந்து அத்தையின் கையைப் பிடித்திருந்தாள். "இப்பதான் அண்ணி. என் கையிலதான்" என்றாள். தராசு மற்றக் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. இப்போதுதான் போனவரின் கை அப்படி இருக்காது. தான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை தனியாகப் போயிருக்கிறார் என்று அந்தக் கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். கணவரிடமும் அதையே சொன்னாள்.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அன்று ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தார், வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனது. அம்மா முகத்தைப் பார்க்காமல் போன துக்கத்தை அவர் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினார்: தங்கச்சி கையிலதான் போனாங்க. இப்போது அந்த வாக்கியம் அச்சில் வேறு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படிக்காத மனிதர், பழுப்புத் தாளில் அட்டை போட்டு, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். வேறு பிரதியா கிடைக்கவில்லை? அவளுடைய பிரதியைத்தான் எடுத்திருந்தார்.

"இதென்ன, ஓரத்துல அங்கங்க 'பொ'ன்னு போட்டிருக்கே?"

தராசு காதிலிருந்த பென்சிலை எடுத்து மறைத்துக்கொண்டாள். "அது... பொன். பொன்னான இடம்னு அர்த்தம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே தங்கையைக் கூப்பிட்டார். "உங்க அண்ணி பதினோரு இடத்துல பொன் போட்டிருக்காம்மா! கப்பல்காரரையே கிழிச்சுத் தொங்கவிட்டவ!" பதினோரு இடமா என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டாள். அப்புறம், சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் அந்த இடங்களையே வாசிக்கிறேன் என்றாள் நாத்தனார். நூற்றுப் பன்னிரண்டைக் கட்டாயம் வாசிக்கச் சொன்னார் கணவர்.

சனிக்கிழமை வரை தராசுக்குச் சோறு இறங்கவில்லை. வாசித்து முடித்ததும் நூலகர் வழக்கம்போல அவளைத்தான் பார்ப்பார். பொன் என்றால், இத்தனை வருடம் பலகையில் குத்திய தாளெல்லாம் வேஷம். பொய் என்றால், பால்கனியில் நின்றது வெளியே வரும், கணவர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே வாக்கியமும் போகும்.

கூட்டம் தொடங்கக் கால்மணி நேரம் இருந்தது. தராசு நாத்தனாரை அகராதி அலமாரிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம். 'பொ'ன்னா பொன் இல்ல."

"பொய்னு எனக்குத் தெரியாதா அண்ணி? இத்தனை வருஷமா உங்க புத்தகத்தை இரவல் வாங்கித்தானே படிக்கிறேன்."

"தெரிஞ்சுமா? அன்னைக்கு மழை பெய்யவே இல்லையே!"

"பெய்யல. மழை இல்லன்னா, நீங்க பால்கனியில என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு எழுதணும். எழுதட்டுமா?"

தராசு பக்கத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நானே சாவி போட்டுத் திறந்துட்டு வந்தேன்," என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "அம்மாவுக்கு ஏற்கெனவே முடிஞ்சிருந்தது. உங்களைக் கூப்பிட வந்தேன். முதுகுதான் தெரிஞ்சுது. நான் பாக்கும்போதே ஒரு பக்கம் புரட்டினீங்க. திரும்பிப் போய் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம்தான் கத்தினேன்."

"என்மேல கோவம் வரலையா?"

"வந்துச்சு. இன்னும் போகல. அதுக்காக அண்ணன்கிட்ட உங்களைக் காட்டிக் கொடுக்கவா? பேசாம பொன்னுன்னு சொல்லிட்டு உக்காருங்க."

புகார்க் கடிதங்களில் மழை வரும்போதெல்லாம் பொய் என்று ஒதுக்கினாளே, யாரை நனையாமல் காப்பாற்ற அந்த மழை என்று ஒருநாளாவது யோசித்தாளா? அவமானத்தில் காது சுட்டது.

நாத்தனார் வாசித்தாள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய குரல், இருபது நாற்காலிக்கும் எட்டியது. முன்வரிசையில் கணவர் பழுப்பு அட்டைப் பிரதியை மடியில் வைத்து, விரலால் கூடவே தொடர்ந்தார். 'அடங்கினாள்' என்ற இடத்தில் விரல் நின்றது. நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தராசம்மா, நீங்க சொல்லுங்க" என்றார்.

எழுந்தாள். பொன் என்று சொல்லத்தான் எழுந்தாள், அது சத்தியம். கணவரின் விரல் இன்னும் அந்த வரியிலேயே இருந்தது. பென்சிலில் போட்ட 'பொ'வைத் தடவிக்கொண்டிருந்தது.

"நல்ல புத்தகம். மருந்தைத் துப்புற இடம் மாதிரி நான் இந்த வருஷம் எதையும் படிக்கல. நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல மட்டும் ஒரு தப்பு." கணவரைப் பார்த்தாள். "அன்னைக்கு மழை இல்ல. அண்ணி சன்னல் சாத்தப் போகல. பால்கனியில நின்னு கதை படிச்சிட்டிருந்தா. தப்பு எழுதினவங்களோடது இல்ல. என்னோடது."

நாத்தனார் புத்தகத்தை மூடினாள். கணவர் திரும்பவில்லை.

"அப்ப, அம்மா தனியாத்தான் போனாங்களா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து வெளியே போனார். நாலு மாடி, நல்ல லிஃப்ட், அவரே போன மாதம் சரிசெய்தது. படியில் இறங்கினார். தராசு பின்னாலேயே இறங்கினாள். வீடு வரை அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார். "எந்தப் புத்தகம்?"

அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுத்து நீட்டினாள். அடையாளத்துக்குச் செருகிய துணிக் கிளிப் அப்படியே இருந்தது, தாளில் துருக்கறை ஏறியிருந்தது.

"இன்னும் மூணு பக்கம் பாக்கி. அன்னைக்கு அப்புறம் தொடவே இல்ல."

அவர் பால்கனிக்கு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். கொடியில் காலையில் போட்ட துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் இன்னும் போகவில்லை.

"படி. எங்கம்மாவை விட்டுட்டு அப்படி என்னதான் படிச்சேன்னு நானும் தெரிஞ்சுக்கணும்."

கிளிப்பை எடுத்துவிட்டு, விட்ட இடத்தைக் கண்டுபிடித்துப் படிக்கத் தொடங்கினாள். முதல் வரியே மழை. நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே? பொய்யா?"

"தெரியலங்க."

"சரி," என்றார் அவர், துணிகளைப் பார்த்தபடியே. "மேல படி."