மூன்றாம் குழியின் சுவர்

எங்கள் தீவில் பெரார்கஞ்சு ஊருக்கு அப்பால் ஓடை ஓரத்தில் தோட்டத் தொழிலாளருக்கு நாற்பது வீடு கட்டப் போகிறார்கள். அதற்கு முன் மண்ணுக்குள் பழைய தடயம் ஏதும் இருக்கிறதா என்று ஆறு சோதனைக் குழிகள் வெட்டிப் பார்க்க வேண்டும். பார்ப்பது என் வேலை. ஐந்தில் ஒன்றுமில்லை. மூன்றாவது குழியில் நேற்று இடுப்பளவு ஆழத்தில் சிப்பி அடுக்கு தெரிந்தது. மழை வந்ததால் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

இன்று தார்ப்பாயை விலக்கினால் சிப்பி இல்லை. சுவரில் களிமண் பூசியிருந்தது. விரல் வளைவுகள் வரிசையாக, அடுப்படி மெழுகியதுபோல.

"யார் பூசினது?"

"பாரிஷ்ல மண்ணு சரிஞ்சிருக்கும் சாப்" என்றார் மண் வெட்டும் கணபதி.

"மழைக்கு அஞ்சு வெரலாய்யா இருக்கு?" என்று மண் சுமக்கும் சொர்ணம்மா அவரை அதட்டினார். "நான்தான் தொர. காலைல மொத ஆளா வந்து மெழுகிட்டேன்."

வீட்டுப் பட்டியலில் சொர்ணம்மா பெயர் பதினொன்றாவது.

"தோட்டத்து லயத்துல, ஒத்த ரூம்லதான் பொறந்தேன். லயத்துலதான் புள்ள பெத்தேன். இந்தக் குப்பைக்கா எங்க வீட்ட நிறுத்துவீங்க?"

"குப்பை இல்லம்மா. முன்னே இங்க இருந்தவங்க சமைச்சுத் தின்ன இடம். அறுநூறு வருஷம் இருக்கலாம்."

"அவங்கதான் போய்ச் சேந்துட்டாங்களே. செத்தவங்களுக்கு எதுக்கு எடம்?"

கணபதி அவர் முழங்கையை இடித்தார். என் மனைவி வைஜெயந்தி இறந்து ஏழு மாதம் என்பது எல்லாருக்கும் தெரியும். சொர்ணம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வைஜெயந்தியின் துணிகளை நான்காம் நாளே மூட்டை கட்டிக் கொடுத்தவன் நான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை எழுதுனா போதும்ல?" என்றார் சொர்ணம்மா மெதுவாக.

"போதும்."

"பின்ன?"

மண் சுரண்டும் கரண்டியை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினேன். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. சிப்பி, கரி, பானை ஓடு. ஓட்டின் அடிப்புறம் புகை பிடித்துக் கறுத்திருந்தது. ஏன் சுரண்டுகிறேன் என்று தெரியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

படத்துக்கு அளவுகோல் பிடிக்க ஆள் வேண்டும். கணபதி நகரவில்லை. சொர்ணம்மாவே இறங்கி, கறுப்பு வெள்ளைக் கோலைச் சுவரோடு நிறுத்திப் பிடித்தார்.

"நேரா இருக்கா?"

"இருக்கு."

"வீடு எத்தன வருஷம் தள்ளிப் போவும் தொர?"

"தெரியலம்மா. வேற இடம் ஒதுக்கினா சீக்கிரம் வரும்."

"ஒதுக்குவாங்களா?"

படம் எடுத்தேன். அவர் கோலை என் கையில் தரவில்லை. மண்மேல் போட்டுவிட்டு ஏறிப் போனார்.